பூசாரி ஊட்டு ஊசி

அந்தச் செவுத்துல ஒட்டியிருக்கற ஊசி அட்டவணைய மூணுவாட்டி எந்திரிச்சுப் போய்ப் பாத்துட்டு வந்து உக்காந்துட்டீங்க. கேக்கறதுன்னா டாக்டரம்மாகிட்ட வாயத் தொறந்து கேட்டுருங்க கண்ணு. சின்னம்மை ஊசிதானுங்க? நெனச்சன். நர்சுகிட்ட நீங்க மெதுவாக் கேட்டது எனக்குக் காதுல உழுந்துது. எதுக்குங்க அத்தனை மெதுவா? திருடவா வந்திருக்கறீங்க?

நானும் அதுக்குத்தான் வந்திருக்கறன். ரெண்டாவது ஊசி. மொத ஊசி மாசியில போட்டது. மூணு மாசம் கழிச்சு வரச் சொன்னாங்க. அதா, மீன்தொட்டிகிட்ட ரெட்டைச் சடை போட்டுக்கிட்டு நிக்கறாளே, அது பெரியவ, மிதுனா. கண்ணாடியத் தட்டித் தட்டி அந்த மீனுகளைப் படுத்தி எடுக்கறது சின்னவ, வர்ணிகா. எங்களுக்கு டோக்கன் நாப்பத்திரெண்டு. இப்பத்தான் இருபத்தொம்பது உள்ள போயிருக்குது. நேரங் கெடக்குது. சொல்றன், கேளுங்க.

நாங்க எந்த ஊடுன்னு தெரிஞ்சா நீங்க சித்த தள்ளி உக்காந்தாலும் உக்காந்துக்குவீங்க. என்ற ஊட்டுக்காரரு மாரியம்மன் கோயல் பூசாரிங்க. ஆமாங்க, நெசமாத்தான். சிரிப்பு வந்தா சிரிச்சுக்குங்க, பரவால்ல. எங்கூருல சிரிக்காதவங்க யாரு இருக்கறாங்க.

உங்க ஊருல அம்மை போட்டா என்ன பண்ணுவாங்க? எங்கூருல ஆஸ்பத்திரிப் பக்கம் தலை வெச்சுப் படுக்கமாட்டாங்க. ஊசி மருந்துன்னு போனா அம்மாளுக்குக் கோவம் வந்துரும்பாங்க. நேரா எங்க ஊட்டுக்குத்தான் வருவாங்க, தீர்த்தம் வாங்கறதுக்கு. அம்மை போட்ட புள்ளையையும் தூக்கிக்கிட்டே வருவாங்க, அம்மா முன்னால ஒருக்காக் காட்டிட்டுப் போயிரலாம்னு. பங்குனி சித்திரையில ஒரு நாளைக்கு நாலு ஊட்டுக்காரங்க வந்துருவாங்க. கதவைத் தட்டுனா தொறக்கறது யாருங்க? என்ற புள்ளைக. அவுங்க சொம்பை வாங்கி உள்ள கொண்டுபோய்க் குடுக்கறது யாரு? என்ற புள்ளைக. இது ஊருல ஒருத்தருக்காச்சும் உறுத்துச்சுங்களா? பூசாரி புள்ளைகளை அம்மா ஒண்ணும் பண்ணமாட்டாங்கறது இவங்க கணக்கு.

போன வருசம் செங்கல் சூளையில வேலை செய்யறவரு ஒருத்தரு, ஏழு வயசுப் பொண்ணைத் தோள்ல போட்டுக்கிட்டு வந்தாரு. பவித்ரான்னு பேரு. மேலெல்லாம் முத்து. எங்க வாசப்படியில உக்கார வெச்சாரு, உக்காரவே முடியல அதுக்கு, மூச்சு வாங்குது. என்ற ஊட்டுக்காரருதான் தீர்த்தம் குடுத்தாரு. மூணு தண்ணி ஊத்துனா எறங்கிரும்னு சொல்லி அனுப்புனாரு. ரெண்டாந்தண்ணி ஊத்தறதுக்குள்ள அந்தப் புள்ள போயிருச்சுங்க. நெஞ்சுக்குள்ள எறங்கி நுரையீரலக் கெடுத்துருச்சுன்னு பொறகு யாரோ படிச்சவங்க சொன்னாங்க. அம்மா கூட்டிக்கிட்டான்னு ஊரு சொல்லுச்சு. எனக்கு நெஞ்சு ஆறவேயில்ல. எங்க வாசப்படியில உக்காந்திருந்த புள்ளைங்க அது.

என்ற ஊட்டுக்காரரு என்ன பண்ணுனாருங்கறீங்க? ஒண்ணும் பண்ணல. பத்து நாளு சரியாச் சாப்புடல, அது வயித்துக் கோளாறு, அவருக்கு எப்பவும் இருக்கறதுதான். அதுக்கப்பறம் தீர்த்தம் குடுக்கறப்ப எல்லாம், 'மூச்சு வாங்குச்சுன்னா உடனே கோபி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுக்கிட்டுப் போயிருங்க'ன்னு மொணமொணன்னு ஒரு வார்த்தை சொல்லுவாரு. சொல்றதுன்னா சத்தமாச் சொல்லோணும், இல்லாட்டிப் பேசாம இருக்கோணும். ரெண்டுமில்லாம ஒரு மனுசன். எனக்கு வாச்சது அப்படி.

இப்படியொரு ஊசி இருக்குதுன்னு எனக்கு மிதுனாகூடப் படிக்கற புள்ளையோட அம்மா சொல்லித்தான் தெரியும். பேங்க்ல வேலை பாக்கறவங்க. அரசாங்க ஆஸ்பத்திரியில இந்த ஊசி போடறதில்லையாமா, தனியார்லதான் போடோணுமாமா. வெலையக் கேட்டதும் எனக்குப் பகீர்னு ஆயிருச்சு. அதை வுடுங்க, அந்தப் பேச்சு வேண்டாம். போடறதுன்னு முடிவு பண்ணிட்டன். தையில ரெண்டு மூணு வாட்டி அவுங்ககிட்ட போன்ல பேசுனன், ஊட்டுல யாருக்கும் கேக்காம, மாட்டுக்குத் தண்ணி காட்டறப்ப. அவரு அந்தப்பக்கம் பூக் கட்டிக்கிட்டிருந்தாரு. அவருக்கு இதெல்லாம் எங்க காதுல ஏறப்போகுது.

ஒண்ணு சொல்லிர்றனுங்க, நான் இந்த நம்பிக்கை கிம்பிக்கையெல்லாம் பெருசாப் பாக்கறவ கெடையாது. பூசாரிக்கு வாக்கப்பட்டேனேயொழிய, எனக்கு அதுல புடிமானம் இல்ல. இருந்தாலும் புள்ளைக ஒடம்புல ஊசி ஏத்தறதுன்னா நாளு பாக்கோணுமில்லீங்க? செவ்வாய் ஆகாது. வெள்ளி ஆகாது. அட்டமி, நவமி ஆகாது. எல்லாங் கூடி வந்தா சின்னவளுக்குச் சந்திராஷ்டமம். இப்படித் தள்ளித் தள்ளியே ரெண்டு வாரம் ஓடிப்போச்சு. கடைசியா ஒரு புதங்கெழமை அமைஞ்சுது. அந்த ரெண்டு வாரந்தான் என்ற குடியக் கெடுத்துது. எப்படின்னு சொல்றன்.

அன்னிக்கு அவருகிட்ட எங்கம்மா ஊட்டுக்குப் போறன்னு பொய் சொன்னனுங்க. என்ன ஏதுன்னு கேக்கல, சரின்னுட்டாரு. எங்க மொபட்டுல என்னிக்கும் பெட்ரோல் இருக்காது, பாதி வழியில நின்னு தள்ளோணும். அன்னிக்குன்னு பாத்து நெறஞ்சு இருந்துது. வண்டியத் தொடச்சு, ரோட்டைப் பாத்துத் திருப்பி வேற நிறுத்தியிருந்துது. சின்னவளைத் தூக்கி முன்னால நிக்க வெச்சுட்டு, 'அழுவக் கூடாது சாமி, எறும்பு கடிக்கறாப்புலதான் இருக்கும்'னு சொல்லிக்கிட்டிருந்தாரு. எங்கம்மா ஊட்டுல எறும்பு சாஸ்திதான். அதைத்தான் சொல்றாருன்னு நான் கண்டுக்காம வண்டிய எடுத்துட்டன். ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாமக் காரியத்தை முடிச்சுட்டு வந்தனுங்க. அந்தத் தெறமை எனக்கு உண்டு.

ஊசி போட்டப்பவே டாக்டரம்மா சொன்னாங்க. ரெண்டு மூணு வாரத்துக்குள்ள சில புள்ளைகளுக்கு நாலஞ்சு கொப்புளம் வந்தாலும் வரும், அது ஊசியால வர்றது, தானே காஞ்சுரும், பயப்படாதீங்கன்னாங்க. நானும் மண்டைய மண்டைய ஆட்டிட்டு வந்துட்டன். அந்த ரெண்டு மூணு வாரத்துல என்ன வருதுன்னு எண்ணிப் பாக்கல பாருங்க. நல்ல நாளு பாத்த மூளைக்கு இது ஒறைக்கல.

ஊசி போட்ட அடுத்த செவ்வாக்கெழமை எங்கூருல மாரியம்மன் நோம்பிக்குப் பூச்சாட்டு, திருவிழா தொடங்கற நாளு. அதுலருந்து பதினாலாம் நாளு கரகம். கரகம் எடுக்கறது பூசாரிக. மூணு பங்காளி ஊடுங்க, மூணு வருசத்துக்கு ஒருக்கா ஒரு ஊட்டுக்கு முறை வரும். இந்த வருசம் எங்க முறை. நீங்க பாத்தா அது ஒரு கொடம், கொஞ்சம் வேப்பந்தழை, அரளிப்பூ. என்ற ஊட்டுக்காரருக்கு அதைத் தலையில வெச்சு ஊரைச் சுத்தி வர்றதுதான் வாழ்க்கை. மத்த நாளெல்லாம் கூனிக் குறுகி நடக்கற மனுசன், அன்னிக்கு ஒரு நாளு நிமுந்து நடப்பாரு. அதைப் பாக்கறதுக்காகவே நான் மூணு வருசம் காத்திருக்கறவ. அவருகிட்டச் சொன்னதில்ல.

கரகத்துக்கு அஞ்சு நாளு இருக்குது. வியாழக்கெழமை காத்தால. என்ற ஓரகத்தி, ஊட்டுக்காரரோட அண்ணன் மச்சாண்டாரு சம்சாரம், பக்கத்து ஊடுதான், சின்னவளுக்குத் தலை பின்னி வுடறன்னு கூப்புட்டாங்க. கழுத்துல ஒண்ணு, ஊசி போட்ட கையில மூணு, முத்து முத்தா இருந்துருக்குது. சீப்பை அப்படியே கீழ வெச்சுட்டுக் கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. 'தாயே, வந்துட்டியா'ன்னு கும்புட்டாங்க. அரை மணி நேரத்துல எங்க வாசல் நெலவுல வேப்பந்தழை சொருகியிருந்துது. நான் சொருகலீங்க.

இதுல என்ன வந்துதுங்கறீங்களா? எங்கூரு வழக்கம் ஒண்ணு இருக்குது. அம்மா வந்து எறங்குன ஊட்டுக்காரரு கரகத்தைத் தொடக்கூடாது. அம்மா ஊட்டுக்கே வந்திருக்கறப்ப அவளை வுட்டுப்போட்டு வெளிய போய் ஆடக்கூடாதாமா. முறை அடுத்த பங்காளிக்குப் போயிரும். அடுத்த பங்காளி யாரு? எங்க மச்சாண்டாருதான். புரியுதுங்களா? தலை பின்னி வுட என்னிக்குமில்லாம அன்னிக்கு ஏன் கூப்புட்டாங்கன்னு நானும் யோசிச்சுப் பாத்துட்டன்.

நான் வாயத் தொறக்காம இருந்தா அவரு முறை போச்சு. இது அம்மை இல்ல, ஊசிக் கொப்புளம்னு சொன்னா என்ற மானம் போகும். ஒரு பகலு முழுக்க யோசிச்சன். மானம் போனாப் போகட்டும், அந்த மனுசன் நிமுந்து நடக்கோணும்னு முடிவு பண்ணிட்டன்.

மறுநாளு பகல்ல கோயல்ல பேச்சு நடக்குது. தர்மகர்த்தா, பங்காளிக, ஊருல நாலு பேரு. பொம்பளைக தள்ளி நிக்கோணும். நான் நேரா நடுவுல போயி நின்னுட்டன். 'இது அம்மா இல்லீங்க. நான் என்ற ரெண்டு புள்ளைகளுக்கும் கோபியில தனியார் டாக்டர்கிட்டச் சின்னம்மை ஊசி போட்டன். அதுல வந்த கொப்புளம்'ன்னன். எங்க மச்சாண்டாரு வேட்டிய இறுக்கிக் கட்டுனாரு. 'அம்மாளையே வரவேண்டாம்னு ஊசி போட்டுத் தடுக்கறயா? பூசாரி பொண்டாட்டி பண்ற வேலையா இது?'ன்னாரு.

நான் வுடுவனா. 'மச்சாண்டாரே, அந்த ஊசிக்குள்ள என்ன இருக்குது தெரியுங்களா? அதே அம்மைதான் இருக்குது. வேகத்தைக் கொறச்சுக் குடுக்கறாங்க, அவ்வளவுதான். நான் வரவேண்டாம்னு சொல்லல. புள்ளைகளுக்குத் தாங்கறாப்புல அமைதியா வந்துட்டுப் போ தாயேன்னு கூப்புட்டிருக்கறன். இப்ப நீங்களே சொல்லுங்க. வந்திருக்கறது அம்மான்னா, ஊசியிலயும் அம்மா இருக்கறா, நான் பண்ணுனதுல குத்தமில்ல. வந்திருக்கறது வெறும் ஊசிக் கொப்புளம்னா, எதுக்கு முறைய மாத்தறீங்க?'ன்னன்.

தர்மகர்த்தா தாடைய நீவிக்கிட்டு உக்காந்திருந்தாரு. அவரு வெவரமான ஆளு. ஒரு வழி சொன்னாரு. 'பொம்பளை தெரியாமப் பண்ணிட்டா. பூசாரிக்கு இதுல சம்பந்தமில்லீன்னு அம்மா முன்னால கற்பூரம் ஏத்திச் சொல்லிரட்டும். எனக்குத் தெரியாமப் போட்டுட்டான்னு ஒரு வார்த்தை. அது போதும். கரகம் அவரே எடுக்கட்டும்'ன்னாரு. மச்சாண்டாருக்கு மூஞ்சி சுண்டிப்போச்சு. நானே தலையாட்டிட்டனுங்க. என்னைத் திட்டுனா திட்டிக்கட்டும், நெசந்தான அது? அவருக்குத் தெரியாதே.

தட்டத்துல கற்பூரம் வெச்சு ஏத்துனாங்க. என்ற ஊட்டுக்காரரு அதுக்கு முன்னால நிக்கறாரு. கையில பூசாரிப் பெரம்பு. பாத்துக்கிட்டே நிக்கறாரு, கற்பூரம் பாதி கரைஞ்சுபோச்சு. சொல்லுங்கன்னு நான் கண்ணைக் காட்டறன். என்னைப் பாக்கவேயில்ல. அப்பறம் அந்த மொணமொணப்புக் கொரல்லயே சொன்னாரு. 'எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் போட்டுது.' தர்மகர்த்தா, 'நல்லா யோசிச்சுச் சொல்லப்பா'ன்னாரு. 'எனக்குப் போன வருசமே தெரிஞ்சிருக்கோணும்'ன்னாரு இவரு. பெரம்பை அம்மா காலடியில வெச்சுட்டு, படியெறங்கி ஊட்டுக்கு நடந்துட்டாரு.

எனக்கு எப்படி இருந்துருக்கும்? எல்லாத்தையும் நேர் பண்ணிக் கையில குடுத்தன். ஒரே ஒரு நெசத்தைச் சொல்லச் சொன்னா, கற்பூரத்துக்கு முன்னால பொய்யச் சொல்லி முறையத் தொலைச்சுட்டு வந்து நிக்கறாரு. என்னைக் காப்பாத்தறாராமா. என்னைக் காப்பாத்தச் சொல்லி நான் கேட்டனா? ஊரையே எதுத்து நின்னவளுக்கு இவரு கொடை புடிக்கோணுமா?

கரகத்தை மச்சாண்டாருதான் எடுத்தாரு. எங்க வாசலத் தாண்டிக் கொட்டு மேளத்தோட போச்சு. இவரு சின்னவளைத் தோள்ல உக்கார வெச்சுக்கிட்டு ஓரமா நின்னு பாத்துக்கிட்டிருந்தாரு. மூஞ்சில ஒரு வருத்தமும் காணோம். நான்தான் உள்ள போயி கதவைச் சாத்திக்கிட்டு அழுதன். இன்னும் மூணு வருசம் காக்கோணும். அதுவும் குடுப்பாங்களோ என்னமோ.

அன்னிக்குப் புடிச்சு அவரைப் 'பொய்யரே'ன்னுதான் கூப்புடறன். சோறு வெச்சிருக்குது, சாப்புடுங்க பொய்யரே. தண்ணி காஞ்சிருச்சு பொய்யரே. வந்து சாப்புடுவாரு. எனக்கு நம்பிக்கையில்லதான், ஆனாக் கற்பூரம் வேற சமாச்சாரமுங்க. அது புள்ளைகளை வந்து புடிச்சுக்கும். அதுக்காகச் செவ்வாய்க்குச் செவ்வாய் அம்மாளுக்கு மாவெளக்குப் போடறன். அவரு சொன்ன பொய்ய மன்னிச்சுக்க தாயேன்னு. பன்னெண்டு செவ்வாய் ஆச்சு.

ஆனா ஊசி போட்டதுக்கு ஒருத்தருகிட்டயும் மன்னிப்புக் கேக்கல. கேக்கவும் மாட்டன். சித்திரையில எங்க தெருவுல ஆறு ஊட்டுல அம்மை. நாலு சொம்பு எங்க ஊட்டுக்கு வந்துது. என்ற புள்ளைகளுக்கு ஒரு தும்மல் இல்ல. ஒரு நாளு கொல்லைப்பக்கமா வந்து நின்னாங்க என்ற ஓரகத்தி. அவுங்க பேரனுக்காமா, அந்த டாக்டரம்மா பேரு என்னன்னு கேட்டாங்க. குடுக்கலீன்னா நெனைக்கறீங்க? குடுத்தன். ரெண்டுவாட்டி கேக்க வெச்சுட்டுத்தான் குடுத்தன்.

இன்னிக்கு எங்களைக் கூட்டிக்கிட்டு வந்ததே அவருதான். அதா பாருங்க, எதுத்தாப்புல டீக்கடையில, மஞ்ச வேட்டி. உள்ள வாங்கன்னா, 'நீ போ, நான் இங்கயே நிக்கறன்'ங்கறாரு. பயம். நம்மூருக்காரங்க யாராச்சும் பாத்துருவாங்கன்னு. ஊருக்கே தெரிஞ்சு போச்சு, இன்னும் என்ன பயம்னு கேளுங்க.

சித்த இருங்க, நர்சு கூப்புடறாப்புல இருக்குது. நம்பரு இன்னும் வரலியே. புள்ளைகளைப் பாத்துக்குங்க, வந்தர்றன்.

வந்துட்டனுங்க.

ஒண்ணுமில்ல. பேரு, வயசு சரி பாக்கத்தான் கூப்புட்டாங்க. சித்த இருங்க, இந்தத் தண்ணியக் குடிச்சுக்கறன்.

அந்த நர்சு புள்ளைக பேரை நோட்டுல பாத்துட்டு, 'பூசாரி வரலீங்களா?'ன்னு கேட்டுச்சு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. உங்களுக்கு எப்படித் தெரியும் அவரைன்னன். அது சொல்லுது, தையிலயே வந்தாராமா. அரை நாளு இதே பெஞ்சுல உக்காந்திருந்து டாக்டரம்மாவைப் பாத்துட்டுப் போனாராமா. இந்த ஊசி இங்க எப்பவும் இருக்காதாமா, சொல்லி வெச்சாத்தான் ஈரோட்டுலருந்து வருமாமா. 'ரெண்டு புள்ளைகளுக்கு வரவெச்சு வெய்யுங்க. என்ற ஊட்டுக்காரி எப்படியும் கூட்டிக்கிட்டு வந்துருவா. நான் சொன்னதா மட்டும் சொல்லீராதீங்க, அவளாச் செஞ்சதா இருக்கட்டும்'னாராமா. சூளைக்காரரு புள்ளையப் பத்திச் சொல்லி டாக்டரம்மா முன்னால அழுதாராமா. நர்சு சொல்லுது கண்ணு. எங்கிட்டச் சொல்லல, நர்சுகிட்டச் சொல்லியிருக்கறாரு.

அப்ப அன்னிக்குக் கற்பூரத்துக்கு முன்னால அந்த மனுசன் சொன்னது பொய்யில்லீங்க. நெசம். அங்க நின்னவங்கள்ல பொய்யச் சொல்லச் சொல்லிக் கண்ணைக் காட்டுனவ நான்தான். மூணு மாசமா அவரைப் பொய்யரேன்னு கூப்புட்டிருக்கறன். அந்த மனுசன் வந்து உக்காந்து சாப்புட்டிருக்கறாரு.

இல்லீங்க, அழுவல. எனக்குக் கோவந்தான் வருது. இத்தனையும் தெரிஞ்சு வெச்சுக்கிட்டு, என்னைத் தனியா வண்டி ஓட்ட வுட்டிருக்கறாரு. தனியா ஊரு முன்னால பேச வுட்டிருக்கறாரு. எப்படியும் கூட்டிக்கிட்டு வந்துருவாளாமா. என்ன தைரியம் பாருங்க அந்த மனுசனுக்கு என்ற மேல.

மன்னிப்புக் கேக்கப் போறன்னு நெனச்சுக்காதீங்க. அது நம்மளால ஆகாது. ஏன் எங்கிட்டச் சொல்லலன்னு கேக்கப் போறன். ரோட்டுல நின்னே கேப்பன், டீக்கடையில நாலு பேரு பாத்தாப் பாக்கட்டும். நீங்க உங்க நம்பரு வந்தா உள்ள போயி, சத்தமாக் கேளுங்க. ஊசி இல்லீன்னா வரவெக்கச் சொல்லுங்க. வரவெப்பாங்க.

மிதுனா, தங்கச்சியப் புடிச்சுக்கிட்டு இந்த அக்காகிட்ட உக்காரு. நான் போயி உங்கப்பாவைக் கையப் புடிச்சு உள்ள இழுத்துக்கிட்டு வர்றன். ஊசி போடறப்ப சின்னவளை மடியில வெச்சுக்கறது இன்னிக்கு அவருதான்.